மலேரியா இல்லை என்று தெரிந்த பிறகும் மாத்திரை: கேமரூனில் ஒரு நாள் பயிற்சியும் மூன்று நாள் பயிற்சியும்

காய்ச்சலோடு வந்தவரைச் சோதித்தாயிற்று, மலேரியா இல்லை என்று முடிவும் வந்தாயிற்று, ஆனாலும் அவர் மலேரியா மாத்திரையோடுதான் வீட்டுக்குப் போகிறார். கேமரூனில் 2011-இல் நடந்த ஒரு ஆய்வில், புதுப் பயிற்சி எதுவும் தரப்படாத சுகாதார நிலையங்களில் இப்படி மாத்திரை பெற்றவர்கள் 84 சதவீதம். ஒரு நாள் பயிற்சி பெற்ற நிலையங்களில் 52. மூன்று நாள் பயிற்சி பெற்ற நிலையங்களில் 31. இந்த மூன்று எண்களை மட்டும் எடுத்துப் போட்டு "பயிற்சி கொடுத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு ஸ்லைடு தயாரித்துவிடலாம். அதே ஆய்வு தனக்கு முதன்மை என்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட அளவுகோலில் இரண்டு பயிற்சியுமே ஒன்றும் சாதிக்கவில்லை என்பது அந்த ஸ்லைடில் வராது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஆய்விலிருந்து நமக்கு ஏதாவது கிடைக்கும்.

முதலில் பின்னணி. ஆப்பிரிக்காவில் பல காலம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடு என்பதுதான் அதிகாரபூர்வமான அறிவுரையே. அதில் தப்பு ஒன்றும் இல்லை, அன்றைய நிலையில் அது புத்திசாலித்தனமான முடிவுதான். அன்றைய மலேரியா மருந்தான குளோரோகுயின் மிக மலிவு, பெரும்பாலான கிராம நிலையங்களில் நுண்ணோக்கி இல்லை, இருந்தாலும் ரத்தம் தடவிய ஸ்லைடைப் பார்க்க ஆள் இல்லை, மலேரியாவைத் தவறவிட்டால் குழந்தை ஓரிரு நாளில் இறந்துவிடலாம். அப்புறம் குளோரோகுயினுக்கு ஒட்டுண்ணி பழகிப்போனது. ஆர்ட்டிமிசினின் சார்ந்த கூட்டு மருந்துகள் வந்தன. கேமரூன் 2004-இல் ஆர்ட்டிசுனேட்டையும் அமோடயாகுயினையும் சேர்த்து முதல்நிலை மருந்தாக்கியது. இது குளோரோகுயினைவிடப் பல மடங்கு விலை, இதற்கும் எதிர்ப்பு வளர்ந்துவிட்டால் கையில் வேறு நல்ல மருந்து இல்லை. கூடவே விரைவுச் சோதனை அட்டையும் வந்துவிட்டது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், இரண்டு சொட்டுத் திரவம், பதினைந்து இருபது நிமிடத்தில் கோடு தெரியும், மின்சாரமோ நுண்ணோக்கியோ வேண்டாம். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் எந்த வயதினராக இருந்தாலும் முதலில் சோதனை, பிறகுதான் மருந்து என்று வழிகாட்டுதலை மாற்றியது.

தேவையில்லாத மாத்திரையால் என்ன பெரிய கெடுதல் என்று கேட்பவர்கள் தான்சானியாவில் 2004-இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். கடும் மலேரியா என்று மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை தரப்பட்டவர்களில் 4,474 பேரின் ஸ்லைடுகளைத் திரும்பப் பார்த்தபோது, ஒட்டுண்ணி இருந்தது 46 சதவீதம் பேருக்குத்தான். உண்மையிலேயே மலேரியா இருந்தவர்களில் 6.9 சதவீதம் பேர் இறந்தார்கள். மலேரியா இல்லாமலேயே மலேரியா என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் இறந்தவர்கள் 12.1 சதவீதம். அந்த முத்திரைக்குப் பின்னால் நிமோனியாவோ ரத்தத்தில் கிருமித் தொற்றோ ஒளிந்திருக்கலாம், மலேரியா என்று ஒருமுறை எழுதிவிட்டால் யாரும் மேற்கொண்டு தேடுவதில்லை. இதில் அதிகம் அடிபடுவது ஏழை வீடுதான், ஏனென்றால் வேலை செய்யாத மருந்துக்குக் காசு கொடுத்துவிட்டு, இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, மறுபடி பேருந்துக்கும் மருந்துக்கும் காசு தேட வேண்டும்.

சரி, அப்படியானால் சோதனை அட்டையைக் கொடுத்தால் முடிந்ததா? அதையும் தான்சானியாவில் பார்த்தார்கள். வடகிழக்குத் தான்சானியாவின் மருத்துவமனைகளில் பாதி நோயாளிகளுக்கு நுண்ணோக்கி, பாதிப் பேருக்கு விரைவுச் சோதனை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அது, 2007-இல் வந்தது. மலேரியா இல்லை என்று முடிவு வந்தவர்களில் நுண்ணோக்கிப் பிரிவில் 51 சதவீதம் பேரும் விரைவுச் சோதனைப் பிரிவில் 54 சதவீதம் பேரும் மலேரியா மருந்து பெற்றார்கள். கருவி மாறியது, கை மாறவில்லை. கேமரூன் குழு தன் வேலையை இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

யாவுண்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஃப்ரெட் ம்பாச்சம் தலைமையிலான குழுவும் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் சேர்ந்து நடத்திய ஆய்வு இது. இடம் இரண்டு. ஒன்று தலைநகர் யாவுண்டே, பிரெஞ்சு பேசும் பகுதி. மற்றது வடமேற்கில் மலைப்பாங்கான பமெண்டா, ஆங்கிலம் பேசும் பகுதி. அரசு நிலையங்களும் கிறிஸ்தவ மிஷன் நடத்தும் நிலையங்களும்தான் எடுத்துக்கொள்ளப்பட்டன.

பயிற்சியைத் தயாரிக்கும் முன் அவர்கள் செய்த வேலைதான் எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த பகுதி. பயிற்சித் திட்டங்கள் வழக்கமாக "இவர்களுக்கு என்ன தெரியாது" என்ற கேள்வியோடு தொடங்கும். இந்தக் குழுவோ மருத்துவர்களையும் நர்சுகளையும் குழுவாக உட்காரவைத்து, சோதனையில் மலேரியா இல்லை என்று வந்த பிறகும் ஏன் மருந்து எழுதுகிறீர்கள் என்று பேசவிட்டது. வந்த பதில்களில் அறியாமை குறைவு, நியாயங்கள்தான் அதிகம். நான் ஆய்வகத் தாளுக்கு வைத்தியம் பார்க்கவில்லை, எதிரில் இருக்கும் மனிதருக்குப் பார்க்கிறேன் என்ற வாதம். ஆய்வகம் தரும் முடிவின் மேல் நம்பிக்கைக் குறைவு. மலேரியாவைத் தவறவிட்டு நோயாளி இறந்தால் பழி தன் மேல் விழும், தேவையில்லாமல் மருந்து கொடுத்ததற்கு இதுவரை யாரும் யார் மேலும் பழி போட்டதில்லை என்ற கணக்கு. நோயாளியே "எனக்கு மலேரியா" என்று சொல்லிக்கொண்டு வரும் ஊரில், இல்லை என்று சொல்லி வெறும் கையோடு அனுப்பினால் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்ற பயம். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்ற வழக்கம். மலேரியா என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே ஒத்துப்போகச் சுலபமான பெயர்: பயமுறுத்தாது, மருந்து உண்டு, குணமாகும்.

இதோடு காசு விஷயமும் உண்டு. 1987-இல் மாலியின் தலைநகர் பமாகோவில் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் எடுத்த முடிவுக்குப் பிறகு, கேமரூன் உட்படப் பல நாடுகளில் சுகாதார நிலையங்கள் மருந்து விற்ற பணத்தில் ஒரு பகுதியை வைத்துத்தான் மறுபடி மருந்து வாங்குகின்றன, செலவுகளைச் சமாளிக்கின்றன. விற்காத மாத்திரை வராத வருமானம். இதற்காகத்தான் மருந்து எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் குறைவாக மருந்து எழுதச் சொல்லும் எந்தப் பயிற்சியும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்த்திசையில்தான் நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பயிற்சிக் கையேடு எதிலும் இந்தப் பக்கம் இருக்காது.

இப்போது இரண்டு பயிற்சிகள். ஒரு நாள் பயிற்சி நாம் எல்லாரும் அறிந்த வகை. மலேரியாவைக் கண்டறிவது, விரைவுச் சோதனையைச் செய்யும் முறை, வழிகாட்டுதல்படி சிகிச்சை என்று மூன்று பாடங்கள். கையால் செய்து பார்க்கும் பகுதியும் உண்டு. பாடம் சரியானதுதான், எந்த நாட்டுச் சுகாதாரத் துறையும் இதைத்தான் தரும்.

மூன்று நாள் பயிற்சியில் முதல் நாள் அதே பாடங்கள். மற்ற இரண்டு நாளில் மலேரியாவைப் பற்றிய புது மருத்துவத் தகவல் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மாற்றத்துக்குப் பழகுவது, தொழில் பொறுப்பு, நோயாளியோடு பேசுவது என்று மூன்று தலைப்புகள். சிறு நாடகம், அட்டை விளையாட்டு, குழுவாக உட்கார்ந்து பிரச்சினையைத் தீர்ப்பது என்று நடத்தினார்கள். முன்பு நடந்த குழு உரையாடல்களில் வந்த நியாயங்கள்தான் இங்கே பாடப்பொருள். சோதனை அட்டையில் கோடு ஒன்றுதான் வந்திருக்கிறது, அதாவது மலேரியா இல்லை, எதிரில் இருக்கும் அம்மா மலேரியா மாத்திரை கேட்கிறார், இப்போது என்ன சொல்வீர்கள், எந்த வார்த்தையில் சொல்வீர்கள், மலேரியா இல்லையென்றால் வேறு எதைத் தேடுவீர்கள், அவருக்குக் கையில் என்ன கொடுத்து அனுப்புவீர்கள்? படிப்புக் காலத்தில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. மருந்து எழுதக் கற்றுத் தருகிறார்கள், எழுதாமல் இருக்கக் கற்றுத் தருவதில்லை.

எல்லா ஊழியரையும் அழைக்க முடியாது என்பதால் ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் சிலர் வந்து பயிற்சி பெற்று, திரும்பிப்போய் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. செலவு குறைக்க எல்லா நாடும் செய்வது இது. இப்படிக் கைமாறிப் போகும்போது தகவல் ஓரளவு பிழைத்துக்கொள்ளும், நாடகமும் விவாதமும் அப்படிப் பிழைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம். ஒரு மருந்தளவு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிடலாம், "இல்லை" என்று சொல்லும் தைரியத்தை எங்கே ஒட்டுவது?

மொத்தம் 46 நிலையங்கள். ஒன்பது நிலையங்கள் பழையபடியே நடந்தன, நுண்ணோக்கியும் அனுமானமும்தான். 18 நிலையங்களுக்குச் சோதனை அட்டையோடு ஒரு நாள் பயிற்சி, 19 நிலையங்களுக்குச் சோதனை அட்டையோடு மூன்று நாள் பயிற்சி. எது எதற்கு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவானது. 2011 ஜூன் 7 முதல் டிசம்பர் 14 வரை, பார்த்துவிட்டு வெளியே வந்த நோயாளிகளிடம் தகவல் சேகரித்தார்கள். பழைய முறை நிலையங்களில் 681 பேர், ஒரு நாள் பயிற்சிப் பிரிவில் 1,632 பேர், மூன்று நாள் பிரிவில் 1,669 பேர். ஆய்வு முடிவு 2014-இல் வெளியானது.

சோதனையில் மலேரியா இல்லை என்று வந்தவர்களில் மலேரியா மருந்து பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பார்ப்போம். பழைய முறையில் 239 பேரில் 201 பேர். ஒரு நாள் பிரிவில் 796-இல் 413. மூன்று நாள் பிரிவில் 759-இல் 232. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 84-இலிருந்து 52-க்கு வந்தது கண்ணுக்குப் பெரிய இறக்கமாகத் தெரிந்தாலும் புள்ளியியல் கணக்கில் அது நிற்கவில்லை. நோயாளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம், ஆனால் குலுக்கியது நிலையங்களை, அதிலும் பழைய முறையில் இருந்தவை வெறும் ஒன்பது. ஒரு நிலையத்துக்குள் எல்லாரும் ஒரே மாதிரி மருந்து எழுதுவார்கள், ஆகவே நிலையத்துக்கு நிலையம் ஏற்ற இறக்கம் அதிகம். ஒரு நாள் பயிற்சியால் வந்தது என்று சொல்லப்படும் குறைவு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதைக் கணக்கு மறுக்கவில்லை. மூன்று நாள் பிரிவின் குறைவு அப்படியல்ல, பழைய முறையில் தேவையில்லாத மாத்திரை பெறும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் இங்கே அது 0.29 (இதை ஆபத்து விகிதம் என்பார்கள், ஒன்று என்றால் மாற்றமில்லை), உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையான நம்பிக்கை இடைவெளி 0.11 முதல் 0.77 வரை. இடைவெளி அகலம்தான், ஆனால் திசை சந்தேகமில்லாமல் ஒன்றுதான்.

இனி முதன்மை அளவுகோல். காய்ச்சலோடு வந்த ஒருவர் வழிகாட்டுதல்படி நடத்தப்பட்டாரா என்பதுதான் அது. அதாவது சோதிக்கப்பட வேண்டும், மலேரியா இருந்தால் சரியான கூட்டு மருந்து கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மலேரியா மருந்து கொடுக்கக் கூடாது. இந்தப் படிகளில் எதில் சறுக்கினாலும் அந்த நோயாளி தோல்விக் கணக்கில் சேர்வார். இந்த அளவுகோலில் பழைய முறையோடு ஒப்பிட்டால் ஒரு நாள் பயிற்சியின் விகிதம் 1.04, மூன்று நாள் பயிற்சியின் விகிதம் 1.17. இரண்டின் நம்பிக்கை இடைவெளியும் ஒன்றுக்கு இருபுறமும் தாராளமாகப் பரவிக் கிடக்கிறது. எளிமையாகச் சொன்னால், மாற்றம் இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஆய்வு தோல்வி என்று மூடிவைப்பது அவசரம். பயிற்சி எதைத் தொட்டதோ அது மாறியது. சோதனை முடிவு கைக்கு வந்த பிறகு நடக்கும் உரையாடலை மூன்று நாள் பயிற்சி தொட்டது, அந்த இடம் மாறியது. யார் சோதனைக்கு அனுப்பப்படுகிறார், ஆய்வகத்தில் யார் இருக்கிறார், அந்த நேரத்தில் அட்டை இருப்பில் இருக்கிறதா, நோயாளி சோதனைக்குக் காசு கொடுக்கத் தயாரா, கூட்டு மருந்து மருந்தறையில் இருக்கிறதா என்பதெல்லாம் மருத்துவரின் மனசுக்குள் நடக்கும் விஷயங்கள் அல்ல. மருந்து மேலாண்மை என்ற பெயரில் நாம் ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கிறோம், மேலாண்மையில் பாதி அந்த ஊழியரின் கையிலேயே இல்லை.

செலவுக் கணக்கும் தனியாகப் பார்க்கப்பட்டது. மூன்று நாள் பயிற்சிக்கு மேல்செலவு உண்டு, ஆனால் பழைய முறையோடு தனித்தனியே ஒப்பிட்டபோது ஒரு நாள் பயிற்சியைவிட மூன்று நாள் பயிற்சிதான் செலவுக்கேற்ற பலன் தந்தது. பட்ஜெட் இறுகும்போது அதிகாரிகள் முதலில் வெட்டுவது நாட்களைத்தான், மூன்று நாளை ஒன்றாக்கிவிட்டுப் பாடம் அதேதானே என்பார்கள். வெட்டுப்பட்டுப் போவது எது என்று இந்த ஆய்வைக் காட்டிக் கேட்கலாம்.

கேமரூனுக்கு ஒரு ஜோடி ஆய்வும் உண்டு. பக்கத்து நாடான நைஜீரியாவில் எனுகு மாநிலத்தில், இதே கூட்டுத் திட்டத்தின் கீழ், ஊழியர் பயிற்சியோடு பள்ளிகள் வழியாக மக்களிடமும் செய்தி கொண்டுபோனார்கள். அங்கே அரசு நிலையங்களோடு மருந்துக்கடைகளும் சில்லறை மருந்து விற்பவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பிரிவுகளுக்கிடையே வித்தியாசம் தெரியவில்லை, சோதனை செய்வதே எல்லாப் பிரிவிலும் குறைவாக இருந்தது. மாத்திரை விற்றால்தான் பிழைப்பு என்றிருக்கும் கடைக்காரரிடம் "சோதித்துப் பார், இல்லையென்றால் விற்காதே" என்று சொல்வது வேறு விளையாட்டு. எனுகுவின் முடிவைக் கேமரூனின் முடிவோடு சேர்த்துப் படிக்காமல் கேமரூனை மட்டும் மேற்கோள் காட்டுவது சரியில்லை.

இந்த இரண்டு நாட்டுக் கதை மட்டும்தானா என்றால் இல்லை. 2018-இல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வுகளை ஏராளமாகத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பில், ஊழியருக்கு அச்சிட்ட தகவலை மட்டும் கொடுத்தால் கிடைத்த முன்னேற்றத்தின் நடுமதிப்பு 1.4 சதவீதப் புள்ளி. அதாவது கையேடு, சுவரொட்டி, வழிகாட்டுப் புத்தகம் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பயிற்சி அல்லது மேற்பார்வை தனியாக இருந்தால் சுமார் 10 முதல் 16 புள்ளி, இரண்டும் சேர்ந்தால் 18-க்குச் சற்று மேல். ஊழியர்களே குழுவாக உட்கார்ந்து தங்கள் பிரச்சினையைத் தீர்க்கும் முறைக்கு 28 முதல் 37 புள்ளி வரை. டெல்லியில் காசநோய் அறிகுறிகளை நடித்துக் காட்டும் பயிற்சி பெற்ற ஆட்களைத் தனியார் மருத்துவர்களிடம் அனுப்பிய ஆய்வில், 250 சந்திப்புகளில் 52-இல்தான் சரியான நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதே கேஸைத் தாளில் கேள்வியாகக் கொடுத்தபோது மருத்துவர்களின் பதில் மேலாக இருந்தது. தெரியும், ஆனால் செய்யவில்லை.

இந்தோனேசியாவில் 1990-களில் இதைவிடச் சிக்கனமாக ஒன்றைச் செய்து பார்த்தார்கள். தேவையில்லாத ஊசி அங்கே பெரும் வழக்கம். மருத்துவர்கள் நோயாளிதான் கேட்கிறார் என்றார்கள், நோயாளிகள் டாக்டர்தான் போடுகிறார் என்றார்கள். ஆறு மருத்துவப் பணியாளர்கள், ஆறு நோயாளிகள் என்று எதிரெதிரே உட்காரவைத்து, ஒன்றரை இரண்டு மணி நேரம் பேசவிட்டார்கள், ஒரே ஒரு அமர்வு. ஊசி போடும் விகிதம் 69.5 சதவீதத்திலிருந்து 42.3-க்கு இறங்கியது, பேச்சு நடக்காத நிலையங்களில் 75.6-இலிருந்து 67.1-க்குத்தான். நோயாளிக்கு ஊசி அவ்வளவு அவசியமில்லை என்பதை மருத்துவர் நோயாளியின் வாயாலேயே கேட்டார், அவ்வளவுதான் நடந்தது. மூன்று நாள் பயிற்சியில் நாடகமாக வைத்ததை இவர்கள் நிஜமாகவே நடத்திவிட்டார்கள். கேமரூனில் இப்படி நோயாளிகளையும் உள்ளே கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக, இந்த வெற்றியின் இன்னொரு பக்கம். மலேரியா மாத்திரை கிடைக்காதவர் வெறும் கையோடு போகவில்லை. விரைவுச் சோதனை அறிமுகமான பல நாட்டு ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளியிட்டார்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். சோதனை அறிமுகமாகாத இடங்களில் ஆண்டிபயாட்டிக் பெற்றவர்கள் 53 சதவீதம், அறிமுகமான இடங்களில் 59 சதவீதம். மலேரியா இருக்கிறது என்று தெரிந்தவர்களில் 40 சதவீதம் பேருக்கும், இல்லை என்று தெரிந்தவர்களில் 69 சதவீதம் பேருக்கும் ஆண்டிபயாட்டிக் எழுதப்பட்டிருந்தது. அதில் சிலருக்கு உண்மையிலேயே தேவை இருந்திருக்கும், ஆனால் அந்த 69 சதவீதத்தில் எல்லாருக்கும் தேவை இருந்திருக்க வாய்ப்பில்லை. நாடகத்தில் அந்த அம்மாவிடம் "இது மலேரியா இல்லை" என்று சொல்லப் பழகிய நர்ஸ், அடுத்த வரியில் "அதனால் அமாக்ஸிசிலின் தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் கொடுக்கும் காசு குறையவில்லை, மருந்தின் பெயர்தான் மாறியது. இப்போது இப்படியொரு பயிற்சியைத் திட்டமிடுகிறவர்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் மருந்துச் சீட்டுகளை எண்ணும்போது மலேரியா மருந்துக்கு ஒரு பத்தியும் ஆண்டிபயாட்டிக்குக்கு ஒரு பத்தியும் நோயாளி மொத்தமாகக் கட்டிய தொகைக்கு ஒரு பத்தியும் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது பத்தியை நிரப்ப வெளியே வரும் நோயாளியிடம் கேட்டால் போதும், கேமரூனில் தகவல் சேகரித்ததும் அவர்களிடம்தான்.